நான்கு கதவு வைத்த சென்னைக் கார்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் நம்ம ஊர் அம்பாசிடர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் பகுதியிலும் ஓர் ஆங்கிலேயக் கார் தயாரானது தெரியுமா? அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

இதன் மூலம் 1959ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இதற்குள் ஒரு வணிகக் கதையும் உண்டு. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த பிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. சப்ளைக்கு ஆபத்து! அதனால் ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் செய்து, அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பொருத்தினார்கள்.

1961ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா இதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. 948 சி.சி. இன்ஜின். கதவுகள் இரண்டுதான். வெள்ளைக்காரனுக்கு அது போதும். நமக்கு? ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்கு ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை கட்டிய பாட்டி, முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து பின்னால் போய் உட்கார வேண்டும்!

1960களின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு காருக்கு நான்கு கதவு வந்ததே இல்லை. தனி சேசிஸ் இருந்ததால் பாடியை மாற்றுவதும் எளிது. அங்கே நெருக்கடியில் பிறந்த வடிவம் இங்கே வசதியாகிவிட்டது. 1972ல் இதே வழியில் கெசல் கார் வந்தது. 1977 வரை ஓடியது.

பிறகு 1985ல் வந்தது ஸ்டாண்டர்டு 2000. பாடி ரோவர் எஸ்.டி.1 என்ற நவீனக் கார். உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு பரம்பரை இன்ஜின். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அப்போது மாருதி 800 சாலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. யார் வாங்குவார்கள்? 1988ல் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

வணிகவியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான். ஹெரால்டில் வாங்குபவரின் தேவையைப் பார்த்துக் காரை மாற்றினார்கள். 2000ல் வெளித் தோற்றத்தை மட்டும் நம்பினார்கள். பாட்டிக்குக் கதவு வைத்த கம்பெனி அதை மறந்துபோனதுதான் வருத்தம்.