காகிதத் தலைக்கவசமும் விஸ்பி வயலும்

ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸ் 1605 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டொன் குவிக்சோட்’ நாவலைப் பற்றிப் பேசும்போது, காற்றாலைகளோடு அவன் சண்டையிட்ட கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது முதல் அத்தியாயத்தில் வரும் இன்னொரு சிறு சம்பவம். வீரக் கதைகளைப் படித்துப் படித்துத் தானும் ஒரு வீரனாகப் புறப்பட எண்ணும் அந்தக் கிழவன், பாட்டன் பூட்டன் காலத்துக் கவசத்தைத் தேடியெடுத்துத் துருவைத் துடைக்கிறான். தலைக்கவசத்தில் முகமூடிப் பகுதி இல்லை. கெட்டியான காகித அட்டையால் அதைச் செய்து பொருத்துகிறான். உறுதியானதுதானா என்று பார்க்க வாளால் இரண்டு வெட்டு வெட்டுகிறான். ஒரு வாரத்து வேலை ஒரு நொடியில் பிளந்துபோகிறது. மறுபடியும் செய்கிறான், இம்முறை உள்ளே இரும்புக் கம்பிகளையும் வைக்கிறான். ஆனால் இரண்டாவது முறை அதை வெட்டிப் பார்க்கவில்லை. நல்ல தலைக்கவசம் என்று தானே முடிவு செய்துகொண்டு புறப்பட்டு விடுகிறான்.

இதைப் படித்தபோது நான் சிரித்தேன், வெட்கமும் பட்டேன். பள்ளிக்கூட நாட்களில் சேர் வோல்டர் ஸ்கொட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலைச் சுருக்கி எங்கள் ஆங்கில ஆசிரியர் நாடகமாக்கினார். எனக்கு ஒரு வீரனின் வேடம். தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளை அட்டையில் ஒட்டித் தலைக்கவசம் செய்தேன். மேடையில் அது வெள்ளியாக மின்னியது. எதிரியாக நடித்த நண்பனின் மரவாள் தற்செயலாகப் பட்டதும் இரண்டாக மடிந்து மூக்கில் தொங்கியது. சபை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்படிப் பழங்காலப் போரை வேடம் புனைந்து ஆடிப்பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் எண்ணலாம். ஆனால் மத்திய காலத்து மன்னர்களே இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வேர்ட் மன்னன் 1278 இல் வின்ட்சர் பூங்காவில் ஒரு விளையாட்டுப் போர் நடத்தினான். அதற்கு வாங்கிய பொருட்களின் கணக்குச் சுருள் நமக்குக் கிடைத்திருக்கிறது. 38 வீரர்களுக்குத் தோலால் செய்த கவசங்கள். வாள்களோ திமிங்கில எலும்பாலும் பதனிட்ட தோல்தாளாலும் ஆனவை. அவற்றின் அலகுகளுக்கு வெள்ளிப் பூச்சு! என் ஈயத்தாளுக்கு இத்தனை பெரிய பரம்பரை இருப்பதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

1819 இன் இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ ஐரோப்பாவில் ஒரு மயக்கத்தையே உண்டாக்கியது. அந்த மயக்கத்தின் உச்சம் 1839 ஓகஸ்ட் 28 ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் நடந்தது. எக்ளின்டன் பிரபு தமது மாளிகையின் மைதானத்தில், மத்திய காலத்தில் நடந்தது போலவே குதிரை மீதேறி ஈட்டிப் போர் புரியும் விழாவொன்றை ஏற்பாடு செய்தார். கவசங்களைத் தேடித் தந்தவர் சாமுவேல் பிறற் என்ற லண்டன் வியாபாரி. ஆரம்பத்தில் ஆர்வம் காட்டியவர்கள் ஏராளம். செலவையும் சிரமத்தையும் கண்டு ஒவ்வொருவராக விலக, களத்தில் இறங்கியவர்கள் 13 பேர் மட்டுமே. பார்க்க வந்தவர்களோ சுமார் ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். ஊர்வலம் புறப்பட்ட நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. அரங்கின் கூரை ஒழுகியது, மைதானம் சேறாகியது. விழாவின் அரசராக வீற்றிருந்த லண்டன்டெறிப் பிரபு குடையை விரித்தார். கவசமும் குடையும் சேர்ந்த அந்தக் காட்சியைப் பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. இரண்டு நாள் கழித்து மழை விட்டதும் ஆட்டம் நடந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். குடையை மட்டும் யாரும் மறக்கவில்லை.

எக்ளின்டன் பிரபுக்கள் கவசத்தை விலைக்கு வாங்கினார்கள். அதைத் தம் கையாலே செய்து பார்க்கும் ஆர்வம் பின்னர்தான் சாதாரண மக்களிடையே பரவியது. 1966 மே முதலாம் திகதி, அமெரிக்காவின் பேர்க்லி நகரில், பின்னாளில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற டயானா பாக்ஸன் என்ற பெண்ணின் வீட்டுப் பின்வளவில் நண்பர்கள் கூடி ஒரு வாட்போர் விழா நடத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து ஓர் ஊர்வலமும் போனார்கள். அந்த வேடிக்கைதான் ‘சொசைற்றி ஃபோர் கிரியேற்றிவ் அனாக்குரோனிசம்’ என்ற பெரிய சங்கமாக வளர்ந்து பல நாடுகளில் கிளைவிட்டது.

இவர்களின் வாள் எதனால் ஆனது தெரியுமா? பிரம்பினால். பள்ளிக்கூடத்தில் நமது உள்ளங்கைகள் நன்கறிந்த அதே பிரம்புதான். ஆனால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத தடிப்பு. மற்ற மரங்கள் அடிபட்டு முறியும்போது கூரான சிம்புகளாகத் தெறிக்கும். பிரம்பு அப்படி முறிவதில்லை; நார் நாராகப் பிரிந்து தளரும். ஆகவே அதன்மேல் ஒட்டுநாடா சுற்றி வாளாக்குகிறார்கள். அடியோ உண்மையான அடி. அதைத் தாங்க வேண்டிய கவசமும் உண்மையானதாக இருக்க வேண்டும். இன்னொரு விதி என்னைக் கவர்ந்தது. அடி சரியாக விழுந்ததா என்று நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை; அடிபட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். வாளேந்திய கை அடிபட்டால் அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது. தொடையில் பட்டால் முழங்காலில் நின்று தொடர வேண்டும். தலையில் பட்டால் விழுந்துவிட வேண்டும்.

கவசம் செய்வது பொறுமையான தொழில். தலைக்கவசத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உருக்குத் தகட்டை வெட்டி, குழிந்த மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குவிக்கிறார்கள். ஓரிடத்தில் அதிகம் தட்டினால் தகடு மெலிந்துபோகும். உள்ளே தடித்த பஞ்சுத் துணி வைத்துத் தைக்காவிட்டால், தகடு உடையாது, மண்டை உடையும். சங்கிலிக் கவசமோ இன்னும் மெல்ல வளர்வது. கம்பியை ஓர் இரும்புத் தண்டில் சுருளாகச் சுற்றி, வெட்டி வளையங்களாக்கி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு குறட்டால் கோக்க வேண்டும். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். அக்காலத்துக் கம்மியர்கள் இந்தச் சிறு வளையங்களின் முனைகளைத் தட்டையாக்கித் துளையிட்டு ஆணி அறைந்து மூடினார்கள் என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வட இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு கோடைகால விழாவில் இத்தகைய கவசங்களைச் செய்யும் ஒருவரைக் கண்டேன். தொழிலால் அவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை கற்பிக்கும் ஆசிரியர். ஒரு சங்கிலிச் சட்டையைத் தூக்கி என் கையில் வைத்தார். கை தாழ்ந்தது. இருபது இறாத்தலுக்கு மேல் இருக்கும். தலைவழியாக மாட்டியதும் இரு தோள்களையும் யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லி என் இடுப்பில் ஒரு தோல்பட்டியை இறுக்கினார். சட்டையைச் சற்று மேலே இழுத்துப் பட்டியின் மேல் மடித்துவிட்டார். பாதிப் பாரம் தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கியது. நான் நடந்தேன், குனிந்தேன், கையை உயர்த்தினேன். புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்த படத்தில் அந்தப் பட்டி எதற்காக இருந்தது என்பதை என் இடுப்புத்தான் எனக்குச் சொல்லித் தந்தது.

லோரன்ஸ் ஒலிவியே 1944 இல் எடுத்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படத்தில், கவசம் பூண்ட பிரெஞ்சு வீரனைப் பாரந்தூக்கியால் தூக்கிக் குதிரைமேல் இறக்கும் காட்சி வரும். கவசம் அணிந்தவன் தானாக எழவும் முடியாது என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். உண்மை வேறு. போர்க்களத்துக்கான முழுக் கவசம் பொதுவாக 15 முதல் 25 கிலோகிராம் வரையில் இருந்தது. அதுவும் உடலெங்கும் பகிர்ந்து கட்டப்பட்டது. பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி தலைக்கவசம் ஒன்று நீங்கலாக முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டார் என்றும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறமாகக் கைகளாலேயே ஏறினார் என்றும் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட சரிதை கூறுகிறது. நம் காலத்தில் டானியல் ஜாக்கே என்ற சுவிற்சர்லாந்து வரலாற்றாய்வாளர், பழைய கவசத்தைப் பின்பற்றிச் செய்ததொன்றை அணிந்து அத்தகைய பயிற்சிகளைச் செய்து காட்டியிருக்கிறார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. லீட்ஸ் நகரின் றோயல் ஆர்மறீஸ் நூதனசாலையில் கவசமணிந்து போர்முறைகளைக் காட்டும் நால்வரை, முழுக் கவசத்தோடு நடைப்பொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2011 இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நடப்பதற்கு வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலான சக்தி செலவாகியது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வீச வேண்டியிருப்பது ஒரு காரணம். மார்பை இறுக்கிய தகடு ஆழமாக மூச்சிழுக்க விடாமல் தடுத்தது இன்னொன்று. 1415 இல் அஜின்கூர் களத்தின் உழுத சேற்றில் நடந்து வந்த பிரெஞ்சு வீரர்கள் எந்த நிலையில் எதிரியை அடைந்திருப்பார்கள் என்பதை இது உணர்த்துகிறது. குட்டிக்கரணம் போட்ட பூசிக்கோவும் அன்று அங்கே சிறைப்பட்டார்; சிறையிருந்தபடியே 1421 இல் இங்கிலாந்தில் இறந்தார்.

மரவேலை ஆசிரியர் அன்று இன்னொரு கவசமும் செய்துகொண்டிருந்தார். தடித்த துணியின் உட்புறத்தில் இரும்புத் தகடுகளை வரிசையாக வைத்துத் தறையாணி அறைவது. மாதிரி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “விஸ்பியில்” என்றார்.

விஸ்பி என்பது சுவீடனைச் சேர்ந்த கொட்லாந்துத் தீவின் மதில் சூழ்ந்த நகரம். 1361 யூலை 27 ஆம் திகதி டென்மார்க் மன்னன் வால்டமாரின் தேர்ந்த படை அங்கே வந்தது. எதிர்த்து நின்றவர்கள் தீவின் விவசாயிகள். நகரத்தார் வாயிலைத் திறக்கவில்லை; மதிலுக்கு வெளியேயே அவர்கள் வெட்டுண்டு மாண்டார்கள். பிறகு நகரம் சரணடைந்தது. கோடை வெயிலில் பிணங்களைப் பெருங்குழிகளில் அவசரமாகப் புதைத்தார்கள். பலர் உடலிலிருந்த கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. 1905 முதல் 1930 வரை அக்குழிகள் அகழப்பட்டபோது 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. சங்கிலி முக்காட்டுக்குள்ளேயே இருந்த மண்டையோடுகளும் இருந்தன. துணி உக்கிப்போய்த் தகடுகளும் ஆணிகளுமே மிஞ்சியிருந்த கவசங்களை பெங்ற் தோர்டேமன் என்ற அறிஞர் ஆராய்ந்து 1939 இல் நூலாக்கினார். இந்த வகைக் கவசத்தைச் செய்ய விரும்புவோர் அந்த நூலின் படங்களைத்தான் விரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

“மற்றக் கவசங்களை அடிக்கும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்” என்றார் ஆசிரியர். “இதை அடிக்கும்போது முடிவதில்லை. இது யாரோ ஒருவனின் உடம்பிலிருந்து வந்த அளவு. அந்தக் குழிகளில் கிழவர்களும் பையன்களும் கிடந்திருக்கிறார்கள். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வயது.” பிறகு, நான் எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

விஸ்பி எலும்புகளில் மிகுதியாகக் காணப்பட்ட காயங்கள் முழங்காலுக்குக் கீழே விழுந்தவை. கேடயம் மேலுடலை மறைத்தது. கால்கள் திறந்து கிடந்தன. வாள் அங்கேதான் பாய்ந்தது. மேலே சொன்ன சங்கத்தின் விதிகளிலே முழங்காலுக்குக் கீழே அடிப்பது அடியோடு தடைசெய்யப்பட்டிருக்கிறது. விளையாட்டு விளையாட்டாகவே இருப்பதற்கு அந்த எல்லை வேண்டும். மாலையானதும் ‘இறந்தவர்கள்’ எல்லோரும் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போக வேண்டுமல்லவா?

வீரயுகத்தின் புகழைப் பாடிய நூல்களில் நானும் மயங்கி வளர்ந்தவன்தான். அந்த மயக்கம் முழுவதும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் டொன் குவிக்சோட் தன் தலைக்கவசத்தை இரண்டாவது முறை வெட்டிப் பார்க்காமல் போனதுபோல, நாமும் பழங்காலத்தைப் பற்றிய நம் நம்பிக்கைகள் பலவற்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். தட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் கவசம் எங்கே தாங்கும், எங்கே திறந்து கிடக்கும் என்பது தெரிகிறது.

அன்று விடைபெறும்போது அந்த ஆசிரியர், ஒரே ஒரு தறையாணியை என்னை அறையச் சொன்னார். தகட்டின் துளையில் ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினேன். என் கை சற்று நடுங்கியது. “பரவாயில்லை, இன்னும் ஒன்று தட்டுங்கள், இல்லாவிட்டால் கழன்றுவிடும்” என்றார். தட்டினேன்.