தனியிசைக்கான இணைய விளம்பரச் செலவு அளவைகள்

திரைப்படத்துக்கு வெளியே பாடல் வெளியிடும் கலைஞர்கள் யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தை மதிப்பிடும் அளவைகள். கோவையில் உருவான ஹிப்ஹாப் தமிழா இசைக்குழுவின் ‘கிளப்புல மப்புல’ பாடல் 2011-இல் யூடியூப் வழியே பரவியபின், கோவையும் திருப்பூரும் அடங்கிய கொங்கு மண்டலத்தின் இளைஞர்கள் பலருக்கு இணையமே முதல் மேடையானது.

விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட ஆகும் செலவு சிபிஎம். ஒரு கிளிக்குக்கு ஆவது சிபிசி. ஒரு பார்வைக்கு ஆவது சிபிவி. யூடியூபில் தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரம் 30 விநாடி ஓடினாலோ, பார்ப்பவர் அதைக் கிளிக் செய்தாலோ பார்வையாகக் கணக்கில் வரும். விளம்பரம் 30 விநாடியைவிடச் சிறியதென்றால், கிளிக் இல்லாதபோது முழுவதும் ஓட வேண்டும். 1,000 ரூபாயில் 20,000 முறை காட்டப்பட்டு 200 கிளிக் விழுந்தால், சிபிஎம் 50 ரூபாய், சிபிசி 5 ரூபாய். அந்த 200 பேரில் 20 பேரே பாடலை முழுதாகக் கேட்டால், ஒரு ரசிகருக்கு 50 ரூபாய் ஆகிறது. கலைஞர் கவனிக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

விளம்பரம் யாருக்குக் காட்டப்படுகிறது என்பதும் இந்தச் செலவைப் பாதிக்கும். திருப்பூரில் ஊரை மட்டும் குறிவைத்தால் பணம் சிதறும். பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம்; தமிழ்ப் பாடலின் விளம்பரம் அவர்கள் கைபேசிக்கும் போகும். மொழியையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால், கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர் அதில் விடுபடக்கூடும்.