வயதான வீட்டுப் பூனையை வெளியே விடலாமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு வருஷமா வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை. ஒரு நாள் திடீரென கிரில் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்த ஆரம்பிக்கிறது. ராத்திரி 3 மணிக்கும் அதே கத்தல். "பாவம், அதுக்கும் வெளிய போகணும்னு ஆசை இருக்காதா? தொறந்து விடு" என்கிறார் பாட்டி. அவர் வளர்ந்த தோட்டத்து லயத்தில் எல்லாப் பூனைகளும் தம் இஷ்டத்துக்குச் சுற்றியவைதான். இன்னொரு பக்கம், கைப்பேசியில் வரும் வீடியோக்கள் பூனையை வெளியே விடுவதே பெரிய குற்றம் என்பது போலப் பேசுகின்றன.

பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூனை வெயிலில் படுக்கவும், மண்ணை முகரவும், பறவையை வேடிக்கை பார்க்கவும் விரும்பும் பிராணி. ஆனால் லயத்துக்கு முன்னால் இருந்தது செம்மண் பாதை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியிலிருந்து இறங்கினால் இருப்பது துன் சம்பந்தன் சாலை. அதோடு, குட்டியிலிருந்தே தெருவைப் பார்த்து வளர்ந்த பூனைக்கும், 12 வயதில் முதல் முறையாகத் தெருவில் கால் வைக்கும் பூனைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கதவைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. இத்தனை வருஷம் சும்மா இருந்த பூனை ஏன் இப்போது கேட்கிறது?

முதலில் டாக்டரிடம், பிறகு கதவிடம்

10 வயதைத் தாண்டிய பூனையைக் கால்நடை மருத்துவர்கள் மூத்த பூனை என்றே கணக்கில் எடுப்பார்கள். 12 வயதுப் பூனை, மனிதக் கணக்கில் ஏறக்குறைய 64 வயது ஆள். அந்த வயதில் நடத்தை சட்டென்று மாறினால், அதை ஆசை என்று எடுத்துக்கொள்வதற்கு முன் உடம்பைப் பார்ப்பது நல்லது.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்தால் பூனை அமைதியிழந்து அலையும், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போகும், இரவில் கத்தும். உயர் ரத்த அழுத்தமும் இதே மாதிரி காட்டும். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் பார்வை போன பூனைகள் உண்டு. சிறுநீரகக் கோளாறு வயதான பூனைகளிடம் மிகச் சாதாரணம். காது மந்தமான பூனை தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கக் கத்தும். மனிதர்களுக்கு வரும் மறதி நோய் போன்ற ஒன்று பூனைகளுக்கும் வருகிறது. அப்படிப்பட்ட பூனை கதவு எங்கே, சுவர் எங்கே என்று குழம்பி நின்று கத்தும். அதைப் பார்த்து 'வெளியே போகணுமாம்' என்று நாம் கதவைத் திறந்துவிட்டால், திரும்பி வரும் வழி அதற்குத் தெரியாது.

மூட்டு வலி இன்னொரு விஷயம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது, முனகாது. முன்பு அலமாரி மேல் தாவியது இப்போது சோபாவோடு நின்றுவிடும், அவ்வளவுதான். தெருவில் ஒரு நாய் துரத்தினால், அந்தப் பூனையால் மதில் ஏற முடியுமா?

ஆகவே ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தனியார் கிளினிக்குகளில் இது வழக்கமான சோதனைதான். சிக்கலான நோய் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மருந்து தொடங்கியதும் கத்தல் நின்றுபோனால், கதவுப் பிரச்சினையும் அதோடு முடிந்துவிடும்.

வெளியே என்ன காத்திருக்கிறது?

காடியும் மோட்டாரும் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. பலரும் யோசிக்காதது, தெரு ஏற்கெனவே மற்றப் பூனைகளுக்குச் சொந்தம் என்பது.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ எந்த ஒரு தாமானிலோ நடந்து பாருங்கள். மாமாக் கடைக்குப் பின்னால், அஞ்சடியில், லோங்காங் ஓரத்தில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பூனைக் கூட்டம் இருக்கும். அவற்றுக்குள் எல்லை உண்டு, யார் எப்போது வரலாம் என்ற கணக்கும் உண்டு. அந்த இடத்தில் முதுமையில் ஒரு புதுப் பூனை போய் நின்றால் அடி வாங்கும். பூனைக் கடி வெளியே சிறு துளையாகத்தான் தெரியும். உள்ளே சீழ் கட்டும்.

கடியால் பரவும் நோய்களில் முக்கியமானது எஃப்ஐவி. மனிதர்களுக்கு வரும் எச்ஐவியின் உறவுக்காரன் என்றாலும் மனிதர்களுக்குத் தொற்றாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, தீபகற்ப மலேசியாவில் 368 பூனைகளைச் சோதித்தது. 31.3 விழுக்காட்டுப் பூனைகளிடம் எஃப்ஐவி தொற்றின் அடையாளம் இருந்தது. பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸான எஃப்இஎல்வி 12.2 விழுக்காட்டில் இருந்தது. மூன்றில் ஒரு பூனை என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. எஃப்இஎல்விக்குத் தடுப்பூசி உண்டு, அதற்கு முன் ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது நம் ஊரில் பூனை வளர்க்கும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பூஞ்சை நோய், ஸ்போரோட்ரிகோசிஸ். மலேசியாவில் இது பெரும்பாலும் பூனையிடமிருந்து பூனைக்கு, சண்டைக் காயங்கள் வழியாகப் பரவுகிறது. மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஒரு புண் வரும், சாதாரணப் புண் போலவே இருக்கும், ஆனா ஆறவே ஆறாது. அந்தப் பூனை நம்மைக் கீறினால் நமக்கும் வரும். கையில் ஒரு கட்டி, பிறகு கை நெடுக மேலேறும் கட்டிகள். சிகிச்சை இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், உள்ளூர்ப் பூஞ்சைகளில் சில வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை என்றும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சை 1990-களின் இறுதியிலிருந்து பூனைகள் வழியாகப் பெரிய தொற்றாகவே பரவியது. வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தாவோ புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவரோ இருந்தால், இந்த ஒரு காரணமே கதவைச் சாத்தி வைக்கப் போதும் என்பது என் கருத்து.

வெறிநாய்க்கடி நோயையும் மறந்துவிடக் கூடாது. 2013-இல் மலேசியா அந்நோய் இல்லாத நாடு என அறிவிக்கப்பட்டது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பறித்து வருகிறது. உங்கள் வட்டாரத்துக்குத் தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் விஷம். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கும் நாளில் பூனை உள்ளேயே இருக்க வேண்டும். லோங்காங்கில் மலைப்பாம்பு வருவது இங்கே கதையல்ல. 2021 டிசம்பர் வெள்ளத்தை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் அனுபவித்தவர்களுக்கு, சில மணி நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே சுற்றும் பூனையை அந்த நேரத்தில் எங்கே தேடுவது? தீபாவளி, சீனப் புத்தாண்டு இரவுகளில் பட்டாசுக்கு மிரண்டு ஓடிய பூனைகளும் அப்படித்தான்.

ஆபத்து ஒரு பக்கம் மட்டும் இல்லை. பூனையும் வேட்டைக்காரன். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பங்கு சொந்தக்காரர் இல்லாத பூனைகளுடையது. ஆஸ்திரேலியத் தலைநகர் கன்பராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனில் நேர்மாறு, அங்கே பூனை வெளியே போய் வருவதுதான் வழக்கம். இணையத்தில் படிக்கும் அறிவுரை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்வது இதனால்தான்.

அக்கம்பக்கமும் சட்டமும்

கொண்டோ, அபார்ட்மென்ட் வாசிகளுக்கு 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகள் பொருந்தும். அதன் மூன்றாம் அட்டவணையில் உள்ள 14-ஆவது துணைவிதிப்படி, மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் அல்லது ஆபத்தான பிராணியை வைத்திருக்கக் கூடாது. விதியை மீறியதாக நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால், 3 நாட்களுக்குள் அந்தப் பிராணியைக் கட்டடத்திலிருந்து அகற்ற வேண்டும். தாழ்வாரத்தில் உலாவ விட்ட பூனை பக்கத்து வீட்டுச் செருப்பு மேல் சிறுநீர் கழித்தால், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். 12 வயதுப் பூனைக்கு 3 நாளில் வேறு வீடு தேடுவது லேசான காரியமா?

இன்னொரு சட்டம் 2015 விலங்கு நலச் சட்டம். வளர்ப்பவர் தன் பிராணிக்குப் பொருத்தமான சூழலையும் உணவையும் தர வேண்டும், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும், அது தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடம் தர வேண்டும் என்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள்: பாத்ரூமில் பூட்டி வைப்பதும் பராமரிப்பு ஆகாது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2018-இல் கோம்பாக்கில் சுயசேவை சலவைக் கடை ஒன்றில் கர்ப்பிணிப் பூனையை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற வழக்கில், ஒருவருக்கு 34 மாதச் சிறை கிடைத்தது. தெருவில் எல்லா மனிதர்களும் பூனைக்கு நண்பர்கள் இல்லை.

சரி, அப்போ என்னதான் செய்யலாம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில், வயதான வீட்டுப் பூனையைத் தன்னிஷ்டத்துக்கு வெளியே விட நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெளிக்காற்றே கூடாது என்று அர்த்தமில்லை.

தெரு வீடு என்றால் உங்களிடம் ஏற்கெனவே பாதி வசதி இருக்கிறது: கேட்டுக்குள்ளே காடி நிறுத்தும் இடம். கிரில்லிலும் கேட்டிலும் கம்பி வலை அடித்து, பக்கத்தில் லோங்காங் திறப்பு இருந்தால் மூடி, ஒரு மூலையை வலைக்கூண்டாக மாற்றலாம். மூட்டு வலிக்காரருக்குத் தாழ்வான பலகை ஒன்று, நிழல், தண்ணீர், போதும். கொண்டோ என்றால் பால்கனிக்கு உறுதியான வலை கட்டாயம். 'என் பூனை அங்கெல்லாம் ஏறாது' என்று சொன்ன வீட்டுப் பூனைகளும் ஒரு புறாவைப் பார்த்ததும் பாய்ந்து விழுந்திருக்கின்றன. வலை அடிக்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

ஹார்னஸ் போட்டு நடக்க வைப்பது முடியும், அவசரம் கூடாது. முதல் ஒரு வாரம் ஹார்னஸைச் சோற்றுத் தட்டு பக்கத்தில் வைத்து வாசனை பழக்குங்கள். அடுத்த வாரம் வீட்டுக்குள் சில நிமிடம் மாட்டிப் பாருங்கள். போட்டதும் சுருண்டு விழுந்து அசையாமல் கிடந்தால், அதுக்குப் பிடிக்கல என்று அர்த்தம். தள்ளுவண்டியோ ஜன்னலோரமோ அதற்குப் போதும். வெளியே போகும் நேரம் காலை 7 மணிவாக்கில் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு. தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினால் ஓடி வரப் பழக்கியிருந்தால் பின்னால் ரொம்ப உதவும்.

அதற்கு முன் கருத்தடை, தடுப்பூசிகள், உண்ணி மருந்து முடிந்திருக்க வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது; பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். மைக்ரோசிப்பில் பழைய போன் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்துப்பட்டை வாங்கினால், எங்காவது மாட்டிக்கொண்டால் தானே கழன்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். புது வீட்டுக்கு மாறியிருந்தால் முதல் சில வாரங்கள் இதெல்லாம் வேண்டாம்.

தீராத நோயில் கடைசி மாதங்களில் இருக்கும் பூனையின் கணக்கு வேறு. மடியில் வைத்துக்கொண்டு வாசலில் தினமும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தானாகவே வெளியே ஓடிவிட்டால்?

தூரம் போய்த் தேடாதீர்கள். தொலைந்து கிடைத்த பூனைகளில் 75 விழுக்காடு, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்ததாக 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வீட்டுப் பூனை அதிலும் பக்கத்தில்தான் பதுங்கும், பயத்தில் கூப்பிட்டாலும் பதில் தராது. நிறுத்தியுள்ள காடிகளின் அடி, மாடிப்படிக்குக் கீழ், பூச்சட்டிக்குப் பின்னால், மூடிய லோங்காங்கின் உள்ளே எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் மின்னும். பக்கத்து வீட்டார் காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் பானட்டைத் தட்டச் சொல்லுங்கள். சந்தடி அடங்கிய நள்ளிரவில் போய் மெதுவாகப் பேர் சொல்லி, டப்பாவைக் குலுக்குங்கள். எட்டாத இடத்தில் மாட்டியிருந்தால் 999-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையின் உதவியைக் கேட்கலாம். கிடைத்ததும் ரோமத்தை விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒரு சின்னத் துளை தெரிந்தாலும் அன்றைக்கே கிளினிக்குக் கொண்டு போங்கள்.