சுமப்பவர்களின் விசுவாசம்: கையறு நிலையும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

சுகமளிக்கும் கூட்டங்களில் மேடையேறும் சாட்சிகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. மருத்துவர் கைவிரித்தார், ஜெபித்தோம், விசுவாசித்தோம், கட்டி கரைந்தது. கரையாதவர்கள் மேடைக்கு அழைக்கப்படுவதில்லை. ‘விசுவாசம் போதவில்லை’ என்று அவர்களிடம் தனியே சொல்லிவிடுகிறார்கள். நோயோடு வந்தவர் நோயோடும் குற்றவுணர்வோடும் வீடு திரும்புகிறார். நோயாளி தன் கையிருப்பிலிருந்து செலுத்தவேண்டிய கட்டணமாக விசுவாசத்தைப் பார்க்கும் இந்தக் கணக்கை நற்செய்தி நூல்கள் ஆதரிக்கவில்லை என்பது என் வாதம். கையறு நிலையில் இருப்பவருக்கு நம்பிக்கை பெரும்பாலும் பிறர் தோளேறித்தான் வருகிறது.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நகூம் வீட்டின் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள் நால்வர். இயேசு கண்டது ‘அவர்களுடைய’ விசுவாசத்தை என்கிறது பிரதி. அந்தப் பன்மையில் நோயாளியும் அடங்குவான் என்று வாதிடலாம். இலக்கணம் அதைத் தடுக்காது. ஆனால் கூட்டத்தைச் சுற்றிப்போய்க் கூரையேறியவர்கள் நால்வரே. படுத்திருப்பவன் காட்சி முழுவதிலும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. யவீருவின் மகளுக்காக மன்றாடுவது தகப்பன். யோவான் ஐந்தாம் அதிகாரத்துப் பெதஸ்தா குளத்து மனிதனின் நிலையோ இன்னும் கூர்மையானது. முப்பத்தெட்டு ஆண்டு நோயாளியான அவனது முறையீடு, தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே. குணமான பிறகும் குணமாக்கியவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. எந்த விசுவாச அளவுகோலிலும் தேறாதவன் அவன்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு; அதைக் கடந்துபோவது நேர்மையாகாது. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வாடிய பெண்ணை இரட்சித்தது அவளுடைய விசுவாசமே என்று இயேசு சொல்கிறார். தனிமனித விசுவாசத்துக்கு அங்கே இடமுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் லேவியராகமச் சட்டப்படி தீட்டுள்ளவளாய் ஒதுங்கி, சொத்தையெல்லாம் வைத்தியர்களிடம் இழந்து, கூட்டத்தின் பின்னாலிருந்து தொட்டவள் அவள். எல்லார் முன்னிலையிலும் அவளை ‘மகளே’ என்று அழைத்து, இழந்துபோன உறவையும் அவர் மீட்டுத் தருகிறார். அவளுக்குக் கிடைத்த பாராட்டைக் கொண்டு மற்ற நோயாளிகளை அளப்பது வாசிப்பல்ல, வன்முறை.

குணமாகாதவர்களின் வரலாறும் இந்த மரபுக்குள்தான் இருக்கிறது. மும்முறை மன்றாடியும் தன் மாம்சத்தின் முள் நீங்காத பவுலை விசுவாசம் போதாதவர் என்று எந்தப் போதகரும் துணிந்து சொல்வதில்லை. நமக்கு அருகில், வேலூரில், டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். கொச்சியைச் சேர்ந்த அவர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று பணியாற்றியவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. அறுவை மருத்துவராகும் கனவு முடிந்தது என்று அவரே கருதிய நிலையில், தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துவந்த பால் பிராண்டு வேறொரு வழியைக் கண்டார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அங்கே பாகாயத்தில் தண்டுவடம் அடிபட்டோருக்கான உள்நோயாளி மறுவாழ்வு மையம் உருவானது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

இதை மனவுறுதியின் கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. அவரது மனவுறுதிக்கு முன்னால் ஒரு சக மருத்துவரின் கற்பனை இருந்தது. படுக்கையில் புரட்டிவிட்ட செவிலியர் இருந்தனர். வேலையைத் திருப்பிக் கொடுத்த ஒரு நிறுவனம் இருந்தது. கப்பர்நகூமின் நால்வரை இங்கே அடையாளம் காண்பது கடினமல்ல. சுமக்கப்பட்டவர் பின்னாளில் சுமப்பவரானார். அந்தத் திருப்பத்தையே குணமாதல் என்று கொள்ள நான் தயங்கமாட்டேன்.

டோனாவூரின் மிஷனரி ஏமி கார்மைக்கேலிடம் இத்தகைய சான்றும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. 1931இல் களக்காட்டில் குழியில் விழுந்து காலொடிந்த அவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் அவருக்குச் சலித்துப்போயின. நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதங்களாகத் தம் நூலொன்றை 1933இல் வெளியிட்டார். இது துணிச்சலான இடமாற்றம்: ஆறுதல் சொல்லும் அதிகாரம் மேடையிலிருந்து படுக்கைக்கு இறங்குகிறது. ஆயினும் வலியை ஏற்றுக்கொள்வதில் சமாதானம் காணும் அவரது சாய்வை அப்படியே பொதுவிதியாக்க முடியாது. அவரைச் சுற்றி அவர் வளர்த்த பிள்ளைகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். அதே குழியில் விழுந்த ஒரு கூலிப்பெண்ணிடம் ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்வது கைவிடுதலின் மறுபெயர். மேரி வர்கீஸ் ஏற்றுக்கொண்டது உடலின் வரம்பை, உதவியின்மையை அல்ல.

புலம்பலுக்கு இங்கே ஓர் இடம் வேண்டும். 88ஆம் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை, இருளில் முடிகிறது. தலைவனை இழந்த புலவர்களின் கையறுநிலைப் பாடல்களைப் புறநானூற்றில் படித்தவர்களுக்கு, சமாதானம் சொல்லாமலே முடியும் இந்தத் துக்கம் அந்நியமல்ல. அந்தச் சங்கீதத்தை வழிபாட்டு நூலுக்குள் வைத்தவர்கள், நம்ப முடியாதவனின் குரலையும் சபையே பாடவேண்டிய பாட்டாக்கிவிட்டார்கள். நம் சபைகளின் ஞாயிறு ஆராதனையில் அது எத்தனை முறை வாசிக்கப்படுகிறது?

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் நோயாளிக்கு இட்டிருக்கும் வேலை ஒன்றே: சபையின் மூப்பர்களை அழைப்பது. எண்ணெய் பூசுவதும் விசுவாசமுள்ள ஜெபத்தைச் செய்வதும் மூப்பர்களின் பொறுப்பு. ஆகவே விசுவாசம் போதவில்லை என்ற குறை எழுந்தால், அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள். ஜெபம் முடிந்த மறுநாள் படுக்கைப்புண்ணுக்கு மருந்திட யார் வந்தார்கள் என்பதும் அந்தப் பதிலில் சேரும்.