நுண்கால்வாய்ப் பால்மமாக்கம்

நுண்கால்வாய்ப் பால்மமாக்கம் என்பது, ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களை மிகக் குறுகிய கால்வாய்களில் செலுத்தி, ஒன்றை மற்றொன்றுக்குள் ஏறக்குறைய ஒரே அளவுள்ள துளிகளாகப் பரப்பும் நுட்பம். கால்வாய்களின் அகலம் பொதுவாகச் சில மைக்ரோமீட்டர் முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை இருக்கும். துளியின் அளவைத் தீர்மானிப்பதில் கால்வாயின் வடிவத்துக்கே இதில் முதலிடம்.

முன்வரலாறு

பிரான்சின் ஒகுஸ்த் கோலான் 1899இல் காப்புரிமை பெற்ற ஹோமோஜினைசர், பாலை உயர் அழுத்தத்தில் சிறு இடுக்கின் வழியே தள்ளிக் கொழுப்புத் துளிகளைச் சிதைத்தது. துளி உடைவதன் இயற்பியலை இங்கிலாந்தின் ஜி. ஐ. டெய்லர் 1932, 1934ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் ஆராய்ந்தார். பாய்வின் பாகுவிசை துளியை நீட்டுகிறது. இடைமுக இழுவிசை அதை உருண்டையாக்க முயல்கிறது. இவ்விரண்டின் விகிதமான கேபில்லரி எண் ஓர் எல்லையைத் தாண்டும்போது துளி உடைகிறது. ஆனால் ஹோமோஜினைசருக்குள் விசை இடத்துக்கு இடம் மாறுவதால் துளிகள் பல அளவில் அமைகின்றன. செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது.

1980களில் ஜப்பானின் மியாசாகியில் நகாஷிமா குழுவினர் ஷிராசு எரிமலைச் சாம்பலிலிருந்து செய்த நுண்துளைக் கண்ணாடி வழியே திரவத்தைத் தள்ளிப் பால்மம் தயாரித்தனர். துளிகளின் அளவு வேறுபாடு குறைந்தது.

படிவிளிம்பு முறை

யூஜி கிகுச்சி இரத்த அணுக்களின் பாய்வை ஆராய, சிலிக்கான் தட்டில் நுண்கால்வாய்களைச் செதுக்கியிருந்தார். சுகுபாவிலுள்ள தேசிய உணவு ஆய்வு நிறுவனத்தின் மிட்சுடோஷி நகாஜிமா, தகாஹிரோ கவகட்சு ஆகியோர் அவருடன் சேர்ந்து 1997இல் அத்தகைய தட்டைப் பால்மம் செய்யப் பயன்படுத்தினர். ஆழமற்ற கால்வாயில் எண்ணெய் தட்டையாக நசுங்கி நகர்கிறது. கால்வாய் முடியும் படிவிளிம்பைக் கடந்து ஆழமான பகுதிக்கு வந்ததும் இடைமுக இழுவிசை அதை உருண்டையாக்குகிறது. கழுத்து தானே அறுபடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, பாய்வு கூடினாலும் குறைந்தாலும் துளியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதைத் தாண்டினால் பெரிய, ஒழுங்கற்ற துளிகள் வெளிவரும். 2002இல் இசாவோ கோபயாஷி குழு, தட்டை ஊடுருவும் நீள்துளைகளை அடுக்கி இம்முறையை விரிவாக்கியது.

டி-சந்தியும் குவிபாய்வும்

2001இல் அமெரிக்காவின் கால்டெக்கில் தோர்சன், குவேக் உள்ளிட்டோர் இரு கால்வாய்கள் செங்குத்தாகச் சேரும் டி-சந்தியில் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை உருவாக்கினர். 2003இல் ஷெல்லி அன்னா, ஹோவர்ட் ஸ்டோன் குழு குவிபாய்வு முறையைச் சிப்பில் அமைத்தது. நடுவில் வரும் திரவத்தை இருபுறமும் வரும் மற்றொரு திரவம் நெருக்கி, குறுகிய வாயில் துளியாக்குகிறது. மெதுவான பாய்வில் டி-சந்தித் துளியின் நீளம் இரு பாய்வுவீதங்களின் விகிதத்தைச் சார்ந்து சீராகக் கூடும் என்று கார்ஸ்டெக்கி முதலானோர் 2006இல் காட்டினர்.

வடிவமைப்பு

சுவரில் ஒட்டிப் பரவ வேண்டியது துளியைச் சூழும் திரவம். துளித் திரவம் ஒட்டினால் பால்மம் அமையாது. எனவே நீரில் எண்ணெய்த் துளிக்கு நீர்நாட்டமுள்ள கண்ணாடியோ சிலிக்கானோ பொருந்தும். எண்ணெயில் நீர்த்துளிக்கு, நீரை விலக்கும் பி.டி.எம்.எஸ். ரப்பர் ஏற்றது, ஆனால் பல கரிமக் கரைப்பான்களில் அது உப்பிவிடும். புதிய துளிகள் மீண்டும் இணையாதிருக்கப் பால்மமாக்கி தேவை.

ஒரு கால்வாய் தரும் அளவு மிகச் சொற்பம் என்பதால் பல கால்வாய்களை இணையாக அமைக்கின்றனர். தட்டையான கால்வாயின் பாய்வுத்தடை உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். உயரம் 10% குறைந்தால் தடை சுமார் 37% கூடும். பாய்வைச் சார்ந்து துளியளவு மாறும் டி-சந்தியிலும் குவிபாய்விலும் இச்சிறு பிழையே சீர்மையைக் கெடுக்கும். படிவிளிம்பு முறை இதை ஓரளவு தாங்கும்.

பயன்கள்

டிஜிட்டல் பி.சி.ஆர். சோதனையில் 20 மைக்ரோலிட்டர் மாதிரி சுமார் 20,000 துளிகளாகப் பிரிக்கப்படுகிறது. தேடும் டி.என்.ஏ. இருப்பதால் எத்தனை துளிகள் ஒளிர்கின்றன என்பதிலிருந்து அதன் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. 2015 முதல் ஒற்றைச் செல் மரபியல் ஆய்விலும் ஒவ்வொரு செல்லையும் தனித் துளியில் அடைக்க இந்நுட்பம் உதவுகிறது. பால் போன்ற பேரளவு உற்பத்தியில் ஹோமோஜினைசரே நிலைத்திருக்கிறது. அளவு துல்லியமே மதிப்பாகும் மருந்து நுண்கோளங்களும் நோயறி சோதனைகளும் நுண்கால்வாயின் களமாயின.