பந்து வைத்தியத்துக்கு வந்த கதை

மூளை முடக்குவாதம் உள்ள பத்து மாதக் குழந்தை அது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. பெரிய பந்தின்மேல் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார் பிசியோதெரபிஸ்ட். பந்து மெல்ல முன்னால் உருள்கிறது. எதிரே அம்மா கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். தொங்கிக்கிடந்த தலை நடுங்கியபடி எழுகிறது. இறுக மூடியிருந்த விரல்கள் விரிகின்றன. இரண்டு நொடிதான், தலை மறுபடி சாய்ந்துவிடுகிறது. அந்த இரண்டு நொடிக்காகத்தான் வாரக்கணக்கில் இத்தனை பாடும்.

இந்தப் பந்து பிறந்தது இத்தாலியில். எளிதில் வெடிக்காத பெரிய பிளாஸ்டிக் பந்துகளை வார்க்கும் முறையை 1963-ல் கண்டுபிடித்தவர் அக்விலினோ கோசானி. வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் பிளாஸ்டிக் பொருள் தயாரிப்பாளர். பந்தைக் கைக்குழந்தைகளின் சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் மேரி குவின்டன். பிறகு அதே நாட்டின் பாசல் நகரில் பிசியோதெரபிஸ்ட் சுசானே கிளைன்-ஃபோகல்பாக் அதைப் பெரியவர்களுக்கும் பயன்படுத்தினார். அங்கே வந்து பார்த்த அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் ‘சுவிஸ் பால்’ என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியப் பந்துக்குச் சுவிஸ் பெயர் வந்தது இப்படித்தான்.

குவின்டன் லண்டனில் சிகிச்சை அளித்துவந்த பெர்ட்டா போபத், காரெல் போபத் தம்பதியின் வழியில் வந்தவர். விறைத்த கை கால்களை வெறுமனே நீட்டி மடக்குவதோடு நிற்காமல், குழந்தையே அசையும்படி சரியான இடத்தில் கை கொடுப்பது அவர்கள் முறை. பந்து அதற்கு அப்படியே பொருந்தியது. பந்து சாயும்போது விழாமலிருக்க உடம்பு தானாகவே தலையைத் தூக்கப் பார்க்கும். நிதானமாக ஆட்டினால் விறைப்பு தளரும், லேசாகக் குதிக்க விட்டால் துவண்ட உடம்பு விழித்துக்கொள்ளும். எந்தக் குழந்தைக்கு எது, எவ்வளவு நேரம் என்பதைப் பந்து சொல்லாது. அதைச் சொல்வது பிசியோதெரபிஸ்டின் கை. அந்தக் கைப்பக்குவத்தை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான், என்னைக் கேட்டால், அவர் செய்வதிலேயே பெரிய வேலை. வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் குழந்தை அவரிடம் இருக்கிறது, மற்ற நேரமெல்லாம் வீட்டில்.

ஆகவே பந்தை மட்டும் வாங்கி வந்து வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். நாலு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லையா? “இவன் அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்” என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே பிசியோதெரபி இலவசம்.