தோட்டத்துக் கோயிலும் பகுத்தறிவும்



கல்வி வளர வளரக் கடவுள் நம்பிக்கை தானாகவே மறைந்துவிடும் என்று சென்ற நூற்றாண்டில் அறிஞர் பலர் கருதினர். அக்கருத்து மெய்யாயிற்றா? நம் மலைநாட்டு வரலாற்றையே முதலில் நோக்குவோம்.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, மலாயாவின் பல ஊர்களில் சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1954இல் பெரியார் மீண்டும் வருகை புரிந்தார்.

ஆயினும் லெம்பா பெர்த்தாமைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கோயில் மணி ஓயவில்லை. ஏன்? நான் உணர்ந்தவரையில் காரணம் இதுதான். தொழிலாளி குடியிருந்த வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். கோயில் நின்ற நிலமும் நிர்வாகத்துடையதே. எனினும் கோயிலை எழுப்பியது அவர் கூலியில் மிச்சம் பிடித்த காசு. விட்டுவந்த ஊரின் நினைவு அங்கே அம்மனாக வீற்றிருந்தது. திருமணப் பேச்சும் வழக்குத் தீர்ப்பும் அதன் வாசலில்தான் நடந்தன. 'கடவுள் இல்லை' என்ற சொல், 'உனக்கென்று ஓரிடமும் இல்லை' என்பதாகவே அவர் செவியில் ஒலித்திருக்கும்.

அதனால் சீர்திருத்தவாதிகள் தோற்றனர் எனக் கூறலாகாது. சாதி ஏற்றத்தாழ்வைக் கேள்விக்குள்ளாக்கினர். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கொண்டாட 1952இல் தமிழர் திருநாளை வழங்கினர். மறுத்துப் பேசியதைவிட, மாற்றாக ஒன்றைக் கொடுத்தபோதுதான் மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டனர்.

உலக வரலாறும் இதையே உணர்த்துகிறது. நாத்திகத்தை அரசுக் கொள்கையாகக் கொண்ட சோவியத் ஒன்றியத்தின் 1937ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 16 வயதுக்கு மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானோர் தாம் சமய நம்பிக்கையுடையோர் என்றே பதிந்தனர். அரசு அம்முடிவுகளை மறைத்தது. 1967இல் சமயங்களைத் தடைசெய்த அல்பேனியாவில் 1990இல் வழிபாடு திரும்பியது. மாறாக, எத்தடையும் இல்லாத மேற்கு ஐரோப்பாவில் தேவாலயங்கள் வெறிச்சோடின. வாழ்க்கைப் பாதுகாப்பு பெருகும் இடத்தில் சமயப் பற்று தளர்கிறது என்று பிப்பா நோரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் ஆகியோர் 2004இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

நம் தேசியக் கோட்பாட்டின் முதல் நெறி, 1970 முதல், இறை நம்பிக்கையே. சபைகூடலில் அதை ஓதிய பின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, சாமி கும்பிடாதவர் நல்லவராக இருக்க முடியாதா?" என என்னிடம் கேட்டான். இருக்க முடியும் என்றேன். சாமி கும்பிடாத பெரியார் இந்நாட்டுத் தமிழருக்காகப் பேசியதையும், சாமி கும்பிட்ட அவன் பாட்டன்மார் காசு சேர்த்துக் கோயில் எழுப்பியதையும் கூறினேன்.

கட்டளையால் நம்பிக்கை அழிவதில்லை, அதட்டலால் வளர்வதுமில்லை. கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். இவ்விரு வரலாறுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் அவனுக்குரியவையே.